மலையக ரோட்டில் கேம்பர் வானுக்குச் சைக்கிள் ரெக்: கதவிலா, சேசியிலா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. தலவாக்கலையில் இருக்கிறீர்கள். டொயோட்டா ஹயஸ் கே.டி.எச். வானைக் கேம்பராக, அதாவது தங்கிச் சமைத்துப் பயணம் போகும் வண்டியாக, மாற்றியாயிற்று. பின்கதவைத் தூக்கினால் அடுப்பு, தண்ணீர், சாமான் தட்டு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. உங்களுடையதும் மனைவியுடையதுமாக இரண்டு பெரிய சைக்கிள், மகளுடைய சின்ன சைக்கிள் ஒன்று. பின்கதவில் பெல்ட்டால் கட்டும் ரெக் (சைக்கிள் தாங்கி) ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. அதை வாங்குவதா, வெல்டிங் பாஸிடம் (வெல்டிங் வேலைக்காரரிடம்) சொல்லி ஏதாவது செய்விப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெல்ட் ரெக் வேண்டாம். சின்னக் காருக்கு, தட்டையான ரோட்டில், வருடத்துக்கு நாலு தடவை போடுவதென்றால் அது போதும். உங்கள் வானுக்கும் நம்முடைய ரோட்டுக்கும் சரிவராது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரணங்கள் தெரிந்தால் வேறு எந்த ரெக்கைப் பார்த்தாலும் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் அந்தக் கதவு. கே.டி.எச்., அதற்கு முந்தைய மாடலான டொல்பின், இரண்டுக்கும் பின்கதவு மேலே கீல் வைத்துத் தூக்கித் திறப்பது. பக்கத்தில் உள்ள இரண்டு காஸ் தண்டுகள்தான் அதைத் தாங்குகின்றன. அவை கதவின் எடையை மட்டும் தாங்கச் செய்தவை. சைக்கிள் இரண்டைத் தொங்கவிட்டால் கதவைத் தூக்கவே முடியாது. சைக்கிளை இறக்கி வெறும் ரெக்கோடு தூக்கினாலும் பாதியில் இறங்கி வந்து தலையில் அடிக்கும். பழைய வானில் அந்தத் தண்டுகள் ஏற்கெனவே களைத்துப் போயிருக்கும். ஒரு தேத்தண்ணி வைக்க இரண்டு சைக்கிளையும் அவிழ்த்து இறக்க வேண்டிய கேம்பரை யார்தான் விரும்புவார்கள்? கொக்கி மாட்டும் கதவு விளிம்பும் மெல்லிய தகடுதான். கொக்கி இழுக்க இழுக்க அந்த விளிம்பு வளையும், பெயின்ட் வெடிக்கும். அந்த இடத்தில் நுவரெலியாப் பக்கத்து ஈரம் பட்டால் துரு எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது காரணத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்களிடம் முதலில் ஒரு டொல்பின் இருந்தது. அதில் இதே மாதிரி பெல்ட் ரெக்தான் போட்டிருந்தேன். கம்பளையில் நன்றாக இறுக்கிக் கட்டி, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டோம். புசல்லாவையில் மழை பிடித்தது. நைலோன் நாடா தண்ணீரை உறிஞ்சி நீளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, சைக்கிள்கள் ஒரு சாண் அளவுக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. இறங்கிய இடத்தில் ஒரு சைக்கிளின் பின்சில்லு நேராகப் புகைக்குழாய் வாய்க்கு முன்னால் நின்றிருக்கிறது. றம்பொடை ஏற்றம், இரண்டாம் கியர், பின்னால் பஸ், நிறுத்த இடமில்லை. ஒரு வளைவு தாண்டியதும் பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். வானின் டயர்தான் போய்விட்டது என்று நினைத்து ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் சைக்கிள் டயரின் பக்கம் கறுத்து, கொப்புளம் போட்டு, கிழிந்து தொங்குகிறது. ரிம்மைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. கீழ்ப் பெல்ட்டுக்குள் என் இரண்டு விரல் தாராளமாகப் போனது. இன்னும் இரண்டு மைல் போயிருந்தால் சைக்கிளே ரோட்டில் விழுந்திருக்கும். பின்னால் வந்தது பஸ். மோட்டார் சைக்கிளில் ஒரு பிள்ளை வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று அன்றிரவு முழுதும் யோசித்தேன்.

அதனால், நீங்கள் எந்த ரெக் போட்டாலும் நாடா பொலியெஸ்டராக இருக்கட்டும். அது ஈரத்தில் நைலோன் அளவுக்கு நீளாது. புகைக்குழாய் எந்தப் பக்கம் வாய் திறக்கிறது என்று குனிந்து பாருங்கள். சைக்கிள் சில்லு அந்த நேருக்கு வருமென்றால் குழாய் வாயைக் கீழ்நோக்கித் திருப்பும் ஒரு முழங்கைத் துண்டைக் கராஜில் போட்டுக்கொள்ளலாம்.

சரி, அப்படியென்றால் எது? சேசியில், அதாவது வானின் அடிச்சட்டத்தில், பூட்டும் ரெக். வானின் அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு சட்டங்களிலும் போல்ட் போட்டு ஒரு குறுக்குச் சட்டம், அதன் நடுவில் ரெக்கைச் செருகும் சதுரக் குழாய், அந்தக் குழாயில் ரெக். டிரெய்லர் இழுக்கும் டோபாரின் உருண்டைத் தலையில் கவ்விப் பிடிக்கும் ரெக்குகளும் இருக்கின்றன. அவை நல்லவைதான். ஆனால் அந்தப் பிடி முழுவதும் உராய்வில் நிற்பது, ஆகவே உருண்டையில் கிரீஸோ சேறோ இருக்கக்கூடாது. நம்முடைய ரோட்டில் சேறு இல்லாமல் எப்படி? செருகிப் பின் போடும் சதுரக் குழாய்தான் என் தெரிவு. இரண்டு அங்குலக் குழாய், அதற்கு 16 மில்லிமீற்றர் பின். வெளிநாட்டு ரெக்குகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்கு வருகின்றன. ஒன்றேகால் அங்குலத்திலும் வருகின்றன. வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறுக்குச் சட்டத்தை வெல்டிங் பாஸ் செய்யலாம். மலையகத்தில் நல்ல கைகள் இருக்கின்றன, லொறிக்குப் பெட்டி கட்டுகிறவர்களிடம் போங்கள். ஆனால் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பம்பரில் வெல்ட் செய்யக்கூடாது. பம்பர் பாரம் தாங்கச் செய்ததல்ல. வானின் சட்டத்திலும் வெல்ட் செய்யக்கூடாது. வெல்ட் சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும், உள்ளே பூசிய துருக்காப்பும் எரிந்துபோகும், கிட்டத்தில் டீசல் தாங்கியும் இருக்கும். வெல்டிங் எல்லாம் கீழே மேசையில் முடியட்டும். வானில் ஏறும்போது போல்ட் மட்டும்தான். பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு போட வேண்டும், 12 மில்லிமீற்றர், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட், கழராத நைலோன் வளைய நட், இரண்டு பக்கமும் தடித்த வாஷர். கதவுக் கிராதி செய்யும் மெல்லிய பொக்ஸ் பாரைக் காட்டி இது போதும் என்பார்கள். போதாது. சுவர்த் தடிப்பு ஐந்து, ஆறு மில்லிமீற்றர் வேண்டும்.

இன்னொன்று, ஸ்பேர் டயர். அது வானின் அடியில் தொங்குகிறது, சட்டம் பூட்டிய பிறகும் அதை இறக்கி வெளியே இழுக்க வழி இருக்க வேண்டும். பாஸ் வேலையை முடித்ததும் அங்கேயே வைத்து ஒரு தடவை டயரை இறக்கி ஏற்றிப் பாருங்கள். மழையில், இருட்டில், கினிகத்தேனை வளைவில் படுத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கக்கூடாது.

இனி ரெக்கின் வகை. கைபோல நீண்ட இரண்டு கம்பியில் சைக்கிள் சட்டத்தைத் தொங்கவிடுவது ஒன்று, சில்லுகளைத் தட்டில் நிறுத்துவது மற்றொன்று. தொங்குவது இலேசு, மலிவு. ஆனால் வளைவுக்கு வளைவு ஊஞ்சலாடும், ஒன்றோடொன்று உரசும். மேல்கம்பி இல்லாத பெண்கள் சைக்கிளையும் மகளின் சின்ன சைக்கிளையும் அதில் மாட்ட இடையில் வேறொரு கம்பி போட வேண்டும். தட்டில் நிறுத்துவதையே வாங்குங்கள். தட்டு வகையிலும் இரண்டு. ஒன்று, ஒரு கை வந்து சைக்கிள் சட்டத்தைப் பிடிப்பது. மற்றது, முன்சில்லை மேலிருந்து அமுக்கிப் பிடிப்பது. மனைவியின் சைக்கிள் லுமாலா என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மட்காட் இருக்கும். சில்லை அமுக்கும் கை மட்காட்டின் மேல் உட்கார்ந்தால் அதை நசுக்கிவிடும், பிடியும் உறுதியாக இருக்காது. உங்களுக்குச் சட்டத்தைப் பிடிக்கும் வகைதான். கார்பன் சட்டமுள்ள சைக்கிளாக இருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன், ஏனென்றால் கார்பன் குழாயைக் கவ்வி நெரித்தால் உள்ளே வெடிப்பு விழும்.

உங்களுக்கு மிக முக்கியமானது, ரெக் சரிய வேண்டும். சைக்கிள்களோடு அப்படியே பின்னோக்கிச் சாய்ந்து கதவுக்கு வழிவிடும் ரெக்குகள் இருக்கின்றன. ஆனால் சேடான் காருக்குப் போதுமான சாய்வு வானுக்குப் போதாது. உங்கள் பின்கதவு பெரியது, திறக்கும்போது வெளிப்பக்கமாக நீண்ட வளைவு போட்டு மேலே போகும். கதவின் கீழ்விளிம்பு எவ்வளவு தூரம் பின்னால் வருகிறது என்று அளக்க வேண்டும். ஒரு ஆள் கதவை மெல்லத் தூக்க, மற்றவர் பம்பரிலிருந்து கதவு விளிம்பு வரை டேப் பிடித்துப் பாருங்கள். சாய்வு அதற்குப் போதாது என்றால், வாயிற்கதவு போலப் பக்கவாட்டில் திறக்கும் ரெக் வேண்டும். அது வசதி, ஆனால் விலையும் எடையும் கூட. அந்த எடைதான் அடுத்த பேச்சு.

அலவாங்கின் நுனியில் அழுத்தினால் பெரிய கல்லும் புரளும், பார்த்திருப்பீர்கள். உங்கள் ரெக்கும் அதையே செய்கிறது. பின் அச்சு ஊன்றுகல், ரெக் அலவாங்கின் நுனி, தூக்கப்படும் கல் வானின் மூக்கு. கணக்காகவே பார்ப்போம். சாதாரண கே.டி.எச்.சில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 2.57 மீற்றர். சைக்கிள்கள் நிற்கும் இடம் பின் அச்சிலிருந்து ஒன்றரை மீற்றர் பின்னால் என்று வைப்போம். ரெக் 20 கிலோ, மூன்று சைக்கிளும் சேர்ந்து 44 கிலோ, ஆக 64. பின் அச்சில் ஏறுவது 64 அல்ல, கிட்டத்தட்ட 101 கிலோ. மிச்சம் 37 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. அதாவது முன்சில்லுகள் அவ்வளவு இலேசாகிவிட்டன. திருப்புவதும் முன்சில்லு, பிரேக்கில் அதிகம் உழைப்பதும் முன்சில்லு. ஈரமான இறக்கத்தில் அந்த 37 கிலோவும் உங்களுக்குத் தேவை.

மகளின் சைக்கிளை உள்ளே வையுங்கள். சின்ன சைக்கிள்தானே, முன் ஆசனங்களுக்குப் பின்னால் நிறுத்திக் கட்டினால் அடங்கும். ரெக்கும் மூன்று சைக்கிளுக்கானது வேண்டாம், இரண்டுக்கானது 17 கிலோவில் கிடைக்கும். இப்போது பின்னால் மொத்தம் 48 கிலோ. பின் அச்சில் 76 ஏறும், முன்னால் 28 குறையும். நாலு சைக்கிள் ரெக்கை வாங்கிவைத்தால் பிறகு உதவும் என்று கடையில் சொல்வார்கள். நீண்ட ரெக்கின் எடை சைக்கிள் ஏற்றாத நாளிலும் உங்கள் வானின் வாலில்தான் தொங்கும்.

அதோடு உள்ளே இருப்பதை முன்னுக்கு நகர்த்துங்கள். 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி என்றால் 40 கிலோ. அதைப் பின்கதவோரம் வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. ஓட்டுநர் ஆசனத்துக்குப் பின்னால் கொண்டு வாருங்கள், குழாய் மட்டும் பின்னால் வரட்டும். காஸ் சிலிண்டரை அப்படி முன்னால் தள்ளச் சொல்லமாட்டேன், அதற்குக் காற்றோட்டம்தான் முதல். எவ்வளவு வித்தியாசம் என்று பார்க்க விருப்பமென்றால், சமதரையில் நிறுத்தி நாலு சில்லின் மேலும் மட்காட் விளிம்பிலிருந்து தரைக்கு அளந்து எழுதிவையுங்கள். சைக்கிள் ஏற்றிய பிறகு மறுபடி அளங்கள். பின்னால் இறங்கியதும் முன்னால் எழும்பியதும் கண்ணுக்கே தெரியும். மூக்கு எழும்பினால் முன் லைட்டின் வெளிச்சமும் எழும்பும். ஹக்கலையில் மூடுபனிக்குள் வரும் எதிர் வண்டிக்காரரின் கண்ணில் அது நேரே அடிக்கும். உங்கள் வானில் லைட்டை இறக்கும் திருகு இருந்தால் ஒரு படி இறக்கிவிடுங்கள். பின்டயரின் காற்றைக் கதவோரத்து ஸ்டிக்கரில் பாரத்துக்கென்று போட்டிருக்கும் அளவுக்குக் கூட்டுங்கள்.

அகலத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறுகிய உடல் கே.டி.எச். அகலம் 1.695 மீற்றர். பெரிய சில்லு மலைச் சைக்கிளின் நீளம் 1.9 மீற்றர் வரை வரும். குறுக்கே நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ பத்து சென்டிமீற்றர் வெளியே நீட்டும். பக்கக் கண்ணாடிகளின் அகலத்துக்குள் அது அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கண்ணாடி உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சைக்கிள் வாலில் இருக்கிறது. மதிலோடு ஒட்டி நிறுத்திய வானை ஸ்டியரிங் முழுதாக ஒடித்து எடுத்தால், வால் எதிர்ப்பக்கம் ஒரு அடி அளவுக்கு வீசும். சில்லு மதிலில் உரசி வளைவது அப்படித்தான். முதலில் கொஞ்சம் நேரே வந்து, பிறகு ஒடியுங்கள்.

அந்த நீட்டிய சில்லுகள் இன்னொன்றையும் செய்யும். கே.டி.எச்.சின் பின் லைட்டுகள் இரண்டு ஓரத்திலும் நெடுக்காக இருப்பவை. சைக்கிள் சில்லுகள் சரியாக அவற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். மஞ்சள் நம்பர் பிளேட்டும் மறையும். பொலிஸ் மறிப்பது ஒருபுறம் இருக்கட்டும். மூடுபனியில் பின்னால் வரும் பஸ்காரருக்கு உங்கள் பிரேக் லைட் தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? ரெக்கின் வெளிப்பக்கத்தில் லைட் பலகை ஒன்று கட்டாயம் வேண்டும். பின் லைட், பிரேக், சிக்னல், நம்பர் பிளேட், அதற்கு ஒரு சின்ன விளக்கு. வயரை பின் லைட் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து, மூடியுள்ள பிளக் ஒன்றில் முடிக்கச் சொல்லுங்கள். வெறும் டேப் சுற்றிய இணைப்பு ஒரு மழைக்காலம் தாங்காது. வானில் துளை போட்டு நிரந்தரமாகப் பூட்டும் வேலை ஆகையால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. காப்புறுதிக் கம்பனிக்கும் எழுதி அறிவியுங்கள்.

ஏற்றும் முறை. பாரமான சைக்கிள் வானோடு ஒட்டி, இலேசானது வெளியே. ஒன்றின் ஹேண்டில் இடப்பக்கம், மற்றதன் ஹேண்டில் வலப்பக்கம். மிதி அடுத்த சைக்கிளின் ஆரக்கம்பிக்குள் போகாதபடி சுழற்றிவிடுங்கள். தண்ணீர்ப் போத்தல், பம்பு, கூடைக்குள் கிடப்பது எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பழைய டியூப்பை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, சட்டத்தோடு எது உரசினாலும் இடையில் சுற்றுங்கள். இதைவிட நல்ல மெத்தை கடையில் இல்லை. இரண்டு சில்லையும் தட்டோடு கட்டிய பிறகு, தனியாக ஒரு பெல்ட்டை இரண்டு சைக்கிள் சட்டத்துக்குள்ளும் விட்டு ரெக்கின் நடுக்கம்பியில் கட்டுங்கள். மற்ற எல்லாம் கழன்றாலும் சைக்கிள் ரோட்டுக்குப் போகாமல் பிடிப்பது அதுதான். பெல்ட்டின் மிச்ச வாலை முடிந்துவிடுங்கள், காற்றில் படபடத்தே பெல்ட் தளரும். முழுச் சைக்கிளையும் மூடும் உறை வேண்டாம். அது பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும், லைட்டையும் மறைக்கும். ஆசனத்துக்கு மட்டும் ஒரு சொப்பிங் பை போதும். மின்சைக்கிள் வாங்கும் யோசனை இருந்தால், பெட்டரியைக் கழற்றி உள்ளே வைத்தே கொண்டுபோக வேண்டும்.

புறப்பட்டு ஐந்து கிலோமீற்றரில் ஒரு தடவை நிறுத்தி எல்லாவற்றையும் கையால் இழுத்துப் பாருங்கள். அதன் பிறகு தேத்தண்ணிக்கு நிறுத்தும் ஒவ்வொரு தடவையும், மழை பெய்து விட்டதும் ஒரு தடவை. இறக்கத்தில் முதலே கியரைக் குறைத்துவிடுங்கள். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால், பின்னால் தொங்கும் எடை அதைச் சீக்கிரமே சூடாக்கிவிடும்.

தோட்டத்து ரோட்டுக்கு வேறு கணக்கு. ரெக்கில் போட்டிருக்கும் கிலோ அளவு தார் ரோட்டுக்கானது. கல் ரோட்டுக்கு அதைவிடக் குறைந்த வரம்பு போடும் கம்பனிகளும் இருக்கின்றன. குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும் அந்த 48 கிலோ பல மடங்காக இழுக்கும். போதாததற்கு, செங்குத்தான ஏற்றம் தொடங்கும் இடத்தில் வானின் வால் தரையைத் தொடும், ரெக் முதலில் இடிக்கும். ஆகவே அங்கே சைக்கிளை இறக்குங்கள். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை தொழிற்சாலை வரை வானில் போய், அங்கே நிறுத்தி, லிப்டன் சீட் என்ற காட்சிமுனைக்கு ஏழு கிலோமீற்றர் சைக்கிளில் ஏறலாம். கொழுந்து மலைக்குள்ளேயே போகும் ரோடு, வாகனம் குறைவு. மகளுக்கு ஏற்றம் முழுதும் மிதிக்க முடியாது, தள்ளிக்கொண்டு போகட்டும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் மழை, அதே நேரம் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து கச்சான் காற்று அடிக்கும். வருடக் கடைசியில் ஊவாப் பக்கம் மழை திரும்பிவிடும். பெருமழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படாதீர்கள். வீடு வந்ததும் ரெக்கைக் கழற்றி, கழுவி, செருகும் குழாய்க்கு உள்ளே கொஞ்சம் கிரீஸ் தடவி வையுங்கள். ஈரத்தோடு ஒரு மாதம் விட்டால் உள்ளே துரு பிடித்து, சுத்தியலால் அடித்தாலும் வெளியே வராது.

பூட்டு, ரெக்கோடு வருவதை நம்பவேண்டாம். தடித்த சங்கிலி ஒன்றை இரண்டு சைக்கிள் சட்டத்துக்குள்ளும் விட்டுப் பூட்டுங்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் இரவு தங்கினால் சைக்கிளை உள்ளே எடுத்துவிடுங்கள்.

காசு கொடுக்குமுன் நாலு அளவு எடுத்து எனக்கு எழுதுங்கள்: கதவு திறக்கும்போது பின்னால் வரும் தூரம், பின் அச்சிலிருந்து பம்பர் வரை, பம்பரின் கீழ்விளிம்பிலிருந்து தரை வரை, இரண்டு சைக்கிளின் நீளமும் எடையும். எடைக்குத் தராசு தேடவேண்டாம். வீட்டு நிறைகாட்டியில் நீங்கள் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை ஏறுங்கள், தனியாக ஒரு தடவை ஏறுங்கள், வித்தியாசம்தான் சைக்கிளின் எடை. வானின் அடிப்பக்கத்தை, ஸ்பேர் டயர் தெரியும்படி, ஒரு படமும் எடுத்து அனுப்புங்கள். சட்டம் எங்கே உட்காரும் என்று குறித்து அனுப்புகிறேன், பாஸிடம் காட்டலாம்.